பக்கத்தில் யாரும் இல்லாதவர்

அறுபதுகளின் நடுவில் சுகாதாரப் பிரசார வேலைக்காக என்னைச் செஞ்சியில் போட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை. ஊரில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பகலெல்லாம் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசுவேன். சாயங்காலம் வாடகை அறைக்குத் திரும்பினால் மறுநாள் காலைவரை பேச ஆள் கிடையாது.

அம்மை, மலேரியாப் படங்களோடு ஒருமுறை இருதயத்தின் படமும் வந்தது. சிங்கவரத்தில் அதை ஒரு மரத்தில் மாட்டி, சொல்லிக்கொடுத்தபடி பேசினேன். "நெஞ்சுவலி தோளுக்கும் கைக்கும் இறங்கினால் வாயு என்று விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்."

கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"பக்கத்துல யாருமே இல்லன்னா இன்னாம்மா பண்றது?"

படத்தைச் சுருட்டிக்கொண்டு அவரிடம் போனேன். "உங்களுக்கு வலி இருக்குதா ஐயா?" என்றேன்.

"பயிரு பாக்கக் கொல்லைக்கு நடந்தா நெஞ்சப் புடிக்குது. நின்னா வுட்டுடுது. யார்கிட்ட சொல்றது?"

மனைவி இறந்துவிட்டாள். மகனுக்கு மெட்ராஸில் வேலை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு, "மல்லாட்டை புடுங்கிட்டு வரேன்" என்றார்; நிலக்கடலை அறுவடை நேரம். மனம் கேட்காமல் அவர் பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், காலையில் அவர் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

"இத்தினி நாளா ஒரு வார்த்த சொன்னாரா பாரும்மா!" என்று அவள் கோபித்துக்கொண்டாள்.

அறுவடை முடியும் முன்பே ஒரு காலை அந்தக் கதவு திறக்கவில்லை. அவள் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது அவர் வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தாராம். மாட்டுவண்டியில் செஞ்சிக்குக் கொண்டுவந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

வேலை முடிந்ததும் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். அவர் சாப்பிட்டபடி மனைவியைப் பற்றியே பேசுவார். "தொணதொணன்னு பேசாதடின்னு அதட்டுவேன். இப்ப அந்தப் பேச்சுக்குத்தான் மனசு ஏங்குது." நானும் என் அம்மாவைப் பற்றிச் சொல்வேன். செஞ்சியில் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

உடம்பு தேறியதும் மகன் வந்து மெட்ராஸுக்கு அழைத்துப் போனார். "அங்க போயி இன்னா பண்ணப் போறேன்" என்று முனகிக்கொண்டேதான் பெரியவர் பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு பேசப்போன ஊர்களில் எல்லாம் ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன்: தனியாக இருப்பவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள்.

சில நாள் வேலை முடிந்ததும் கால் தானாக ஆஸ்பத்திரிப் பக்கம் போயிற்று. அவருடைய கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். வாசலோடு திரும்பிவிடுவேன்.