செதிள் ஒட்டிய கண்

புதன்கிழமை காலை நாலே முக்காலுக்குக் கோவில்பட்டியில் நாகர்கோவில் பஸ் ஏறினேன். தூரம் நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் நூற்றைந்து ரூபாய். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மடியில் பை, பைக்குள் ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் நிறையத் தண்ணீர். போகிற காரியம் ஒன்றுதான். நாகர்கோவிலில் வேலை பார்க்கும் என் மகள் ஆர்த்தியிடம், வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்று சொல்ல வேண்டும்.

பதினைந்து மாதங்களுக்கு முன்பு, பொறியியல் கடைசி வருடத்தில், விடுதியில் காய்ச்சலோடு விழுந்தாள். சிறுநீரகத்தில் தொற்று, அது ரத்தத்திலும் ஏறிவிட்டது. திருநெல்வேலியில் ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் எப்படிம்மா இருந்தாய் என்று டாக்டர் கேட்டதற்கு, கல்லூரிக் கழிப்பறைக்குள் கால் வைக்க முடியாது, அதனால் குடிப்பதில்லை, பழகிவிட்டது என்றாள். பழக்கியது நான். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுக்குச் சொல்லி அனுப்பியது ஒரே பாடம்: வெளியே போகிறாய், தண்ணீர் குடிக்காதே. நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். நான் எழுத்தர் வேலை பார்க்கும் தீப்பெட்டித் தொழிற்சாலை அலுவலகத்தில் பெண்கள் கழிப்பறையின் சாவி, மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகிறது. அதைக் கேட்டு வாங்குவதற்குப் பதில் நாவை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு எளிது.

அந்த ஒன்பது நாளுக்குப் பிறகு போன் மணி அடித்தாலே எழுந்து நின்றுவிடுகிறேன். அவளோ பிழைத்து எழுந்து, பட்டம் வாங்கி, கழிப்பறைகளைத் தானாகக் கழுவி மணமூட்டும் கருவிகளைப் பொருத்தும் சின்ன நிறுவனம் ஒன்றில் சேர்ந்துவிட்டாள். நாள் முழுக்க ஊர் ஊராகச் சுற்றும் வேலை. தினமும் இரண்டு முறை கூப்பிட்டு, தண்ணி குடிச்சியா என்று கேட்பேன். போன வாரம் அவளே சொன்னாள்: "ஒரு நாள் என்கூட வண்டியில சுத்திப் பாரும்மா. அதுக்கப்புறமும் வான்னு சொன்னா வந்துடுறேன்."

ஆரல்வாய்மொழி தாண்டும்போது காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பஸ்ஸையே ஒரு பக்கமாகத் தள்ளும் காற்று. மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து, பிறகு விலகி வழிவிட்டன. எங்கள் கரிசலில் இல்லாத பச்சை சட்டென்று தொடங்கியது.

எட்டு மணிக்கு நாகர்கோவில். ஆர்த்தி ஒரு வெள்ளை ஆம்னி வேனோடு நின்றிருந்தாள். முதலில் அவள் முகத்தைப் பார்த்தேன், வீக்கம் இருக்கிறதா என்று. இல்லை. ஓட்டுநர் டைட்டஸ் ஐம்பது வயதுக்காரர், மார்த்தாண்டத்துப் பக்கம் சொந்த ஊர். அவர் பேச்சு பாட்டைப் போல ஏறி இறங்கியது. நான் மகளை உச்சி முதல் கால் வரை சோதிப்பதைப் பார்த்துவிட்டு, "அக்கா, வெப்ராளப்படாண்டாம். பிள்ளை நல்லாத்தான் இருக்கா. எங்களையெல்லாம் விரட்டி வேலை வாங்குகா" என்றார்.

எட்டே முக்காலுக்குப் பதினொரு கிலோமீட்டர் தெற்கே, இராஜாக்கமங்கலம். தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு. தேங்காய் வியாபாரம் செய்த அந்த வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. அவர் கழிப்பறைச் சுவரில் பொருத்தியிருந்தது கையகலப் பெட்டி ஒன்று. அதன் நடுவில் பாசிமணி போன்ற ஒரு கண், பக்கத்தில் சிவப்புப் புள்ளியாக விளக்கு. ஆள் உள்ளே வந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆள் போய்க் கதவு சாத்தியதும் பீங்கானின் விளிம்பிலிருந்தும் தரையோரக் குழாய்களிலிருந்தும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும். கடைசியில் மேலிருந்து புல்தைலம் ஒரு மூச்சு தெளிக்கும். ஆர்த்தி குழாய்த் துளைகளில் படிந்த உப்பைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினாள். கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீர் துளைகளை ஒரே மாதத்தில் அடைத்துவிடுமாம்.

வீட்டு அம்மா எனக்குச் சாயா தந்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "முன்ன ஒவ்வொரு தடவையும் வெள்ளம் ஊத்த என்னைக் கூப்பிடணும். கூப்பிட வெக்கப்பட்டுச் சாப்பாட்டையே கொறச்சிட்டாரு. இப்ப அவரே கதவச் சாத்திட்டுப் போறாரு, கேட்டேளா."

தண்ணீரைக் குறைத்தவளின் அம்மா நான்.

பதினொன்றே காலுக்குக் குலசேகரம், முப்பது கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஒரு கடையில் மட்டிப்பழம் வாங்கினோம், கிலோ எழுபது ரூபாய். விரலளவு வாழைப்பழம், தோலை உரித்ததும் வண்டி முழுக்க வாசனை. ரப்பர் மரங்களில் சிரட்டைகள் கட்டியிருந்தன. காய்கிற ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை காற்றில் இருந்தது. ஆர்த்தி தன் பாட்டிலிலிருந்து அடிக்கடி குடித்தாள். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் ஆறு கருவிகள். மணி அடித்ததும் பிள்ளைகள் மொய்த்தார்கள். ஒருத்தி வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, உள்ளே தண்ணீர் சீறும் சத்தத்தைத் தோழிகளோடு நின்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனாள். தலைமையாசிரியை கழிப்பறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குடிதண்ணீர் பற்றிக் குறைபட்டார். முன்பு இரண்டு கேன் வாங்கினால் சாயங்காலம் வரை கிடக்குமாம். இப்போது மதியத்துக்குள் காலியாம், கூடுதலாகக் கேன் போட யாரிடம் கேட்பது என்று தெரியவில்லையாம். ஆர்த்தி தலையைக் குனிந்து கருவியின் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதுமடல் சிவந்திருந்தது. சின்ன வயதில் பரிசு வாங்க மேடை ஏறும்போது இப்படித்தான் சிவக்கும். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. பள்ளி வராந்தாவில் அதைச் செய்ய முடியாதே.

மார்த்தாண்டத்தில் சாப்பாடு. அங்கேதான் கவனித்தேன். இலையின் பக்கத்தில் வைத்த தண்ணீரை அவள் தொடவில்லை. பாட்டிலையும் மூடி வைத்துவிட்டாள். வண்டி ஏறியதும் கேட்டேன். அவள் வெளியே பார்த்தாள். டைட்டஸ்தான் சொன்னார், அடுத்து தேங்காய்ப்பட்டணம் என்று. மீன் விற்கும் பெண்களுக்காகக் கடற்கரையில் கட்டிய கழிப்பறையில் இவர்கள் வைத்த கருவி ஓடவே மாட்டேன் என்கிறதாம். நாலு தடவை வந்து சரிசெய்தாயிற்று, இரண்டே நாளில் மறுபடி அதே கதி. இன்றும் ஓடவில்லையானால் கழற்றிக்கொண்டு வந்துவிடு என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கரையில் வேறு கழிப்பறை கிடையாது.

"அதனால தண்ணி குடிக்கலையா?" என்றேன்.

"ராத்திரி ரூமுக்குப் போய்க் குடிச்சுக்கிறேம்மா."

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது எனக்கு. சொல்ல வந்ததை அங்கேயே சொல்ல வாயெடுத்தேன். டைட்டஸ் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

இரண்டரை மணிக்குத் தேங்காய்ப்பட்டணம். ஆறு கடலில் சேரும் இடம். வள்ளங்கள் வரிசையாக நின்றன. வெயிலில் மணல் கண்ணைக் கூசச் செய்தது. ஆர்த்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குள் போனாள். உள்ளேயிருந்து வந்த நாற்றத்தை எழுத வேண்டியதில்லை.

நான் நிழல் தேடிப்போய், மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்தேன். பெயர் செலின். நாற்பது வயதிருக்கும். விளமீனைச் செதிள் சுரண்டிக்கொண்டே, வாங்குறியளா என்று கேட்டார். கோவில்பட்டி போவதற்குள் கெட்டுவிடும் என்றேன். "மீன் வாங்காதவளுக்கு நிழலுக்கு வாடகை உண்டு கேட்டியளா" என்று சொல்லிச் சிரித்தார். காலை நாலு மணிக்கு வந்தவர் என்று தெரிந்ததும் நான் கேட்டேன், இவ்வளவு நேரம் எப்படி இருக்கிறீர்கள், கழிப்பறை அதோ இருக்கிறதே என்று.

செலின் கத்தியைக் கீழே வைத்தார். "போவோம். ஆனா அதுக்குள்ள ஒரு கண்ணு செவப்பா முழிச்சிட்டு இருக்கு. எவன் எங்க இருந்து பாக்கானோ, ஆரு கண்டா? உள்ள போற பெண்ணு எவளானாலும் மொதல்ல கையில கெடக்க செதிளை எடுத்து அது மேல ஒட்டிட்டுத்தான் இருப்பா. ஈரத்துல ஒட்டிக்கிடும், வெளிய தெரியாது. அந்தப் பிள்ளை வந்து வந்து சுரண்டிப் போடுகா. நாங்க திரும்ப ஒட்டுகோம்." பிறகு முகம் சுளித்தார். "கேமரா வைக்கதுக்குன்னே ஒரு பொம்பளப் பிள்ளைய அனுப்பியிருக்கானுவ பாருங்க."

"அது என் மகள்" என்றேன்.

செலின் என்னைப் பார்த்தார், கழிப்பறைப் பக்கம் பார்த்தார். மூக்கு உங்களை மாதிரிதான் என்றார்.

நான் எழுந்து போய் ஆர்த்தியிடம் சொன்னேன். ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் காய்ந்த செதிள்களோடு நின்றாள். செதிள் மூடியதால் ஆள் வந்ததே கருவிக்குத் தெரியவில்லை. தெரியாததால் கழுவவில்லை. நாலு தடவையும், மீன் கையோடு தொட்டதில் தற்செயலாக ஒட்டியது என்றே அவள் நினைத்திருக்கிறாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். "நான் ஒரு தடவைகூட அவங்ககிட்ட கேக்கலையேம்மா" என்றாள்.

பிறகு என் மகள் செய்ததை முழுதாக எழுத வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கருவியைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு நேராகச் செலினிடம் வந்தாள். மணலில் மண்டியிட்டு, மீன் பெட்டியின் மூடிமேல் வைத்துத் திறந்து காட்டினாள். ஏழெட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். இதற்கு முகம் தெரியாது, படம் எடுக்கத் தெரியாது, ஆள் உடம்பின் சூடு ஒன்றுதான் தெரியும் என்றாள். சொன்னால் நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள் என்று ஒரு பேட்டரியை இணைத்தாள்.

செலின் ஒரு விளமீனை நீள ஓலை ஈர்க்கில் கோத்து, தூர நின்று, கண்ணுக்கு நேரே நீட்டினார். சத்தமில்லை. மீனைப் போட்டுவிட்டுத் தன் கையை நீட்டினார். டிக்கென்று உள்ளே ஒரு சத்தம். கையை எடுத்து மறுபடி நீட்டினார். மறுபடி டிக். பின்னால் நின்ற ஒருத்தி, செலினுக்கு உடம்பெல்லாம் சூடுதான், மாப்பிளைகிட்ட கேட்டா தெரியும் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், டைட்டஸ் தவிர. அவர் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"செரி மக்கா" என்றார் செலின். "பொறவு அந்தச் செவப்பு எதுக்கு?"

ஆர்த்தி யோசித்தாள். கருவி ஓடுகிறதா என்று பழுது பார்ப்பவர்களுக்குத் தெரிவதற்கு மட்டும்தான் அந்த விளக்கு. "உள்ள இருக்கணும்னு அவசியமே இல்லக்கா. எங்க வசதிக்கு வெச்சுட்டோம்" என்றாள். அரைமணி நேரத்தில் வயரை நீட்டி, சிவப்பு விளக்கைக் கதவுக்கு வெளியே மேலே பொருத்தி, ஆள் இருக்கும்போது மட்டும் எரியும்படி மாற்றினாள். இப்போது உள்ளே ஆள் இருந்தால் வெளியே சிவப்பு எரியும். தரையையும் பீங்கானையும் அவளே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். நானும் புடவையைச் செருகிக்கொண்டு வாளி பிடித்தேன்.

எல்லாம் முடிந்ததும் செலின் இடுப்பில் கைவைத்து நின்றார். "மொதல்ல நீ போ. நீ போய்ட்டு வா, பொறவு நாங்க போறோம்."

ஆர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு வேனிலிருந்து தன் பாட்டிலை எடுத்து வந்து, அத்தனை பேர் முன்னாலும் அண்ணாந்து, பாதிக்கு மேல் இருந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே போனாள். கதவுக்கு மேலே சிவப்பு எரிந்தது. வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சிவப்பு அணைந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் தண்ணீர் சீறும் சத்தம். மீன் வாடைக்கு நடுவே, மெல்ல, புல்தைலத்தின் மணம்.

அடுத்துச் செலின் போனார். போகுமுன் கைகளை விரித்து மற்றவர்களுக்குக் காட்டினார். செதிள் இல்லை. அவருக்குப் பின்னால் வரிசை நின்றது.

குளச்சல் வழியாகத் திரும்பி, ஆறேகாலுக்கு நாகர்கோவில். தேங்காய்ப்பட்டணத்தில் கிளம்பும்போது செலின் என் கையில் மீன் எதையும் திணிக்கவில்லை, நல்லவேளை. "மவளக் கூட்டிட்டுப் போயிராதிய" என்று மட்டும் சொன்னார். நான் எதற்கு வந்தேன் என்று அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

பஸ் நிலையத்தில் ஆர்த்தி என் பையை வாங்கித் தோளில் போட்டாள். கனத்தது போலும். திறந்து எவர்சில்வர் பாட்டிலை எடுத்தாள். ஆட்டிப் பார்த்தாள். ஒரு மிடறும் குறையவில்லை.

"காலையில நிரப்புனதா?"

நான் பஸ் நிற்கும் பக்கம் பார்த்தேன்.

"தண்ணி குடிச்சியான்னு தினம் ரெண்டு தடவை என்னைக் கேக்குறியேம்மா" என்றாள். கோபமில்லை. மூடியைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றாள். பஸ்ஸை அடுத்த நடைக்குப் பார்த்துக்கொள்ளலாம், குடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்விட்டு வா, நான் பையோடு இங்கேயே நிற்கிறேன் என்றாள்.

குடித்தேன். வீட்டுக்கு வா என்று சொல்ல வந்த வாய் நிறையத் தண்ணீர் இருந்தது. அதற்குப் பிறகு அதைச் சொல்லத் தோன்றவில்லை.

ஏழரை மணி பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஆரல்வாய்மொழிக் காற்று மறுபடி பஸ்ஸைத் தள்ளியது. பயம் போய்விட்டதா என்றால், இல்லை. போன் அடித்தால் இனியும் எழுந்து நிற்பேன். ஆனால் இன்று மணலில் மண்டியிட்டு இருந்தது அந்த ஒன்பது நாள் படுக்கையில் கிடந்த அதே உடம்புதான். அதைப் பார்த்துவிட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் கண் வைத்த கருவியெல்லாம் இல்லை. ஓர் ஆணியும் ஒரு சாவியும்தான். நாளைக் காலை மேலாளரிடம் போய் அதைக் கேட்கப் போகிறேன். வாங்கினால் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. ஆணியைப் பெண்கள் உட்காரும் பக்கத்துச் சுவரில் அடித்துக்கொள்கிறோம்.