சுவரில் தொங்கிய பாடசாலை

ஜூலை மாதத்தின் இரண்டாம் வியாழக்கிழமை காலை, அடுத்த லயத்து வரிசை வீடுகளில் வசிக்கும் பெருமாள் குடையை மடக்காமலே என் வாசலில் நின்றார். "ரோஸ்மேரி அக்கா போயிட்டாங்கய்யா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியில." புதன்கிழமை மாலைதான் அவருடன் பேசியிருந்தேன், நம்பச் சற்று நேரம் பிடித்தது.

நோர்வூட்டுக்கு மேலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கும் தாய்மாரின் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவில் பணியாற்றியவர் ரோஸ்மேரி. கணவரை இழந்தவர். ஒரே மகள் ஷாலினிக்கு நடக்க இயலாது. அவளைப் பாடசாலைக்குச் சுமந்து சென்றுவந்தவர், 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் வீட்டிலேயே பாடம் சொல்லி, கேள்வி கேட்டுக் கற்பித்தார். மீண்டும் திறந்தபோது பிள்ளை வளர்ந்துவிட்டாள். தாயின் முதுகு தளர்ந்துவிட்டது. மகள் வீட்டிலிருந்தே படித்துச் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும் என்பதே அவருடைய ஒரே எண்ணமாயிற்று.

வீடோ ஒற்றை அறை. புத்தகங்கள் கட்டிலடியிலும் அரிசிப் பானையின் மேலும் கிடந்தன. கடிதங்களைப் பிரித்து அடுக்கியே பழகிய, ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியனான எனக்கு அது பொறுக்கவில்லை. இரும்பு அலுமாரி வாங்கச் சொன்னேன்.

"அலுமாரி உள்ள வந்தா நாங்க ரெண்டு பேரும் வெளியிலதாங்கய்யா படுக்கணும்" என்றார்.

காலியான உரச் சாக்குகளை வெட்டி, பாடத்துக்கு ஒன்றாகப் பைகள் தைத்து, படுத்தபடியே ஷாலினிக்கு எட்டும் உயரத்தில் சுவரில் மாட்டினார். முதல் மழைக்காலத்திலேயே புத்தகங்கள் ஈரமாயின. கூரையைக் குற்றம் சொல்லிப் பெருமாளை இருமுறை தகரத்தின்மேல் ஏற்றினார். ஒழுக்கு இல்லை. சாக்கில் ஒட்டியிருந்த உரமே பனியின் ஈரத்தை இழுத்திருக்கிறது.

"தேயிலைக்குப் போடுறத புத்தகத்துக்கும் போட்டுட்டேன். எம்புட்டு வளருதுன்னு பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு தாளாக அடுப்பனலில் உலர்த்தினார். பின்னர், துவைத்த கோதுமை மாச் சாக்குகளில் புதிய பைகள் தைத்தார். எந்தப் பாடம் என்று அறிய ஓரத்தில் வெவ்வேறு நிறப் பழைய சேலைக் கரை; அடியில் ஈரத்தை உறிஞ்சத் துணியில் முடிந்த அடுப்புக்கரி; பென்சில்களுக்குக் கழுத்து வெட்டிய போத்தல். அலுமாரியைப் பற்றி நான் மீண்டும் பேசவில்லை.

வியாழன் மாலை உடலைக் கிடத்த இடம் வேண்டி, வழக்கப்படி அறையிலிருந்த அனைத்தையும் வெளியே எடுத்தார்கள். பைகளும் வாசல் திண்ணையான இஸ்தோப்புக்குச் சென்றன. சாரல் அடித்தது. பெட்டியருகே இருந்த ஷாலினி, "மாமா, அம்மாட பையெல்லாம் நனையுது" என்றாள். அதுவரை அவள் அழவில்லை. பெருமாள் ஓடினார். லயத்தார் வீட்டுக்கு ஒரு பையாக எடுத்துச்சென்று காப்பாற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை அடக்கம் நடந்தது. ஞாயிறன்று பெருமாள் பைகளைப் பழையபடி மாட்டியபோது ஷாலினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கொண்டு போயிருங்க மாமா. கேள்வி கேக்க யாரு இருக்காங்க?"

பெருமாளின் மனைவி லெட்சுமி எட்டாம் வகுப்புடன் நின்றவர். விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்துக் கட்டிலருகே அமர்ந்தார். "நான் கேக்குறேன். தப்பா வாசிச்சா நீ திட்டு."

நேற்று, செவ்வாய்க்கிழமை மாலை, நான் சென்றபோதும் லெட்சுமி எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். விடை வரவில்லை. சற்றுக் காத்திருந்து அடுத்த கேள்விக்குப் போனார். ஷாலினி சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள், ஆனால் உறங்கவில்லை.

இதற்குமேல் உங்களிடம் சொல்லச் செய்தி ஏதும் என்னிடம் இல்லை, ரோஸ்மேரி. அமைதியாக உறங்குங்கள்.