ஈப்போ வீதியில் அண்ணன் போட்ட மேசை

பகல் பன்னிரண்டு மணிக்கு, எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் பஸ் ஏறினேன். எழுபத்தெட்டாம் வருஷம், தைப்பூசம் முடிந்த வாரம். அப்பா இறந்து அன்று பன்னிரண்டாம் நாள். கொள்ளி வைத்தவன் இப்படி ஊர் சுற்றக்கூடாதுதான். ஆனால் அனுப்பியதே பெரியப்பா.

"உங்கண்ணன்கிட்ட சேதிய மட்டும் சொல்லிட்டு வா. பதினாறுக்கு கூப்பிட்டுத் தொலைச்சிடாத" என்றார்.

சந்திரன் அண்ணன் வீட்டுக்கு மூத்தவன். கொள்ளி வைக்க வேண்டிய கை அவனுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஈப்போவில் ஒரு சீனப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவள் வீட்டாரின் சாப்பாட்டுக் கடையிலேயே வேலைக்கு நின்றுவிட்டான். 'என் பொணத்தக்கூட அவன் பாக்கக்கூடாது' என்றார் அப்பா. அம்மா முன்பே போய்விட்டாள், தடுத்துச் சொல்ல ஆளில்லை. நாங்களும் தந்தி அடிக்கவில்லை. சுடுகாட்டில் என் தலையையும் மீசையையும் மழித்துக் கொள்ளிக்கட்டையைக் கையில் கொடுத்தார்கள். இதை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவனிடம் சொல்வேன் என்பதுதான் வழியெல்லாம் என் கவலை.

ஒன்றரை மணிக்குத் தெலுக் ஆன்சனில் பஸ் மாறினேன். ஈப்போவுக்கு இரண்டு வெள்ளி எண்பது காசு. ஐம்பது மைலுக்கு மேல் ஓட்டம். லங்காப் தாண்டும்வரை இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். சில இடங்களில் அவற்றை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைக் கன்றுகள் நட்டிருந்தார்கள். தாப்பா, கம்பார், கோப்பேங் என்று நின்று நின்று போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாய் ஈப்போவில் துணிக்கடை வைத்திருப்பவராம். என் தலையைப் பார்த்தார்.

"கல்லுமலை முருகனுக்கு நேர்த்திக்கடனா தம்பி? பூசத்துக்கு நல்ல கூட்டம்லா."

ஆமாம் என்று தலையாட்டினேன். வாய் திறந்து உண்மையைச் சொல்ல அப்போதே எனக்குத் துப்பில்லை. சிம்பாங் பூலாய் வந்ததும் சுண்ணாம்பு மலைகள் வெள்ளையாகத் தெரிந்தன. அந்த மலைத் தண்ணீரில்தான் ஈப்போவின் பயறு முளை இப்படிக் கொழுத்து வளர்கிறது என்று பாய் சொன்னார். நாலேகாலுக்கு இறங்கினேன்.

அண்ணன் கடை இருந்த அந்த வீதியை ஐந்து மணிக்குப் பார்க்க வேண்டும். அதுவரை சாதாரணக் கடைவீதி. ஐந்தடித்ததும் சீனச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் வட்ட மேசைகளை உருட்டிக்கொண்டு வந்து கடை முன்னாலும் கார் போகிற பாதை ஓரத்திலும் பரப்பிவிடுகிறார்கள். உட்கார்ந்ததும் முதலில் வருவது ஒரு கிண்ணம் கொதிநீர். குடித்துவிடாதீர்கள், அது கோப்பையையும் சாப்பிடுகிற குச்சியையும் அலசிக்கொள்ள. குடிக்க என்ன வேண்டும் என்று கேட்க வருகிறவர் ஒருவர், சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்க வருகிறவர் வேறொருவர். தோலோடு வேகவைத்து வெட்டிய கோழி, மேலே கொஞ்சம் சோயா சாறு, பக்கத்தில் ஒரு தட்டு பயறு முளை. இதற்காகக் கோலாலம்பூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

மூன்றாவது கடையில் அண்ணன் நின்றான். கொஞ்சம் பருத்திருந்தான். தோளில் துண்டு, வாயில் கண்டனீஸ் சீனம். உள்ளே அடுப்பைப் பார்த்து எதையோ கத்திவிட்டுத் திரும்பியவன் என்னைக் கண்டு அப்படியே நின்றான்.

"டேய் தம்பி." ஓடிவந்து என் மொட்டைத் தலையைத் தடவினான். "பூசத்துக்கா? கல்லுமலை வந்துட்டு ஒரு வாரமா எங்கடா இருந்த? கல்யாணம் ஆயி புள்ள பொறந்திருக்கா, அதான் வேண்டுதலா?"

நான் பதில் சொல்வதற்குள் கடைக்குள் கூப்பிட்டான். அண்ணி லான் வெளியே வந்தாள். ஒல்லியான பெண், கையெல்லாம் மாவு. "தம்பி, மாக்கான், மாக்கான்" என்று சிரித்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அந்த முதல் சொல் மட்டும்தான், சாப்பிடு என்றது மலாயில். பாதை ஓரமாக ஒரு மேசையைத் தனியாக இழுத்துப் போட்டு, அண்ணனே துடைத்தான். கோழியின் தொடைக்கறியாகப் பார்த்து எடுத்துவந்து வைத்தான்.

"சாப்பிடு. தோட்டத்துல இந்த மாதிரி கிடைக்காது."

நான் தட்டைத் தொடவில்லை.

"என்னடா? பூசம் முடிஞ்சிருச்சே, இன்னும் விரதமா?"

"கறி வேணாண்ணே."

அப்போதுதான் அவன் என் முகத்தைப் பார்த்தான். வேண்டுதலுக்குத் தலையைத்தான் எடுப்பார்கள், எங்கள் பக்கம் மீசையில் கைவைக்க மாட்டார்கள். அவன் பார்வை என் மேலுதட்டில் நின்றது. மெல்ல உட்கார்ந்தான்.

"எப்ப?"

"இன்னிக்குப் பன்னெண்டு நாளு."

"நீயா வச்ச?"

"ம்."

பக்கத்து மேசையில் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தான். எனக்கு அழுகை வந்தது, அவனுக்கு வரவில்லை.

"கடைசில என்னைக் கேட்டாரா?"

அப்பா கேட்கவில்லை. "கேட்டாருண்ணே" என்றேன்.

அவன் நம்பினானா, தெரியாது. கோழித் தட்டை உள்ளே கொண்டுபோனான். திரும்பி வரும்போது வெறும் சோறும் பயறு முளையும் இரண்டு தட்டில் இருந்தன. லான் பின்னாலேயே வந்து, ஒன்றும் கேட்காமல் அவன் முதுகில் கைவைத்து நின்றாள். அண்ணன் குச்சியை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்து, என் எதிரே உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவதை எடுக்காமல் கேட்டான்.

"பதினாறுக்கு நான் வரட்டுமாடா? உள்ள வரல. வாசல்ல நின்னு கும்பிட்டுட்டுப் போயிடுறேன்."

வா அண்ணே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பெரியப்பாவின் முகம்தான் என் கண்முன் வந்தது. நான் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சரி விடு. உனக்கு ஏழு மணி பஸ் போயிரும்" என்று எழுந்தான்.

பதினாறாம் நாள் எங்கள் வீட்டில் தோட்டமே சாப்பிட்டது. ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்னியர் வீதி என்று நாங்கள் ஒதுக்கிய இடத்தில், ஒன்பது வருஷம் எட்டிப் பார்க்காத எனக்கு ஒரு மேசையைத் துடைத்துப் போட்டார்கள். அவன் பிறந்த வீட்டு வாசலில் நிற்க அவன் அனுமதி கேட்டான். நான் கொடுக்கவில்லை.