ஃப்ரிட்ஜில் ஆப்பிளுக்கு இடமில்லை

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு பெங்களூருவிலிருந்து பிரகாஷ் போன் செய்தான்.

"ஆன்ட்டி, அம்மா ஃப்ரிட்ஜுல ஆப்பிள் வெக்க விட மாட்டேங்கிறாங்க. நான் ஆன்லைன்ல அனுப்பறேன், அவங்க அப்படியே பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடறாங்க. வாழைப்பழம்கூட உள்ள போகக் கூடாதாம். மூணு மாசமா இப்படித்தான். மத்லப்... அதாவது, டாக்டர்கிட்ட காட்டணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் குரலில் நிஜமான பயம் இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிரகாஷ், என் சிநேகிதி தனலட்சுமியின் ஒரே மகன். தனத்தை எனக்கு ரயிலில் பழக்கம். புனே–லோனாவ்லா லோக்கலில் லேடீஸ் டப்பா, அதாவது பெண்கள் பெட்டி. தேஹு ரோடில் ஏறி எனக்கும் சேர்த்து ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருப்பாள். நான் சின்ச்வட்டில் ஏறுவேன். கட்கியில் ராணுவக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர்கீப்பர் அவள். நான் அப்போது பேங்க் உத்தியோகம், பத்திரிகையில் எழுதுவது அப்புறம் வந்தது. பதினைந்து வருடம் ஒரே டப்பாவில் போய் வந்தால் மனிதர்கள் சொந்தமாகிவிடுகிறார்கள், வேறு வழியில்லை.

வேலூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி தேஹு ரோடு வந்தவள், அங்கேயே ரிட்டயர் ஆனாள். கணவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில் இரண்டு ரூம் ஃப்ளாட், சொந்தமாக வாங்கியது. தனியாக இருக்கிறாள்.

அதுதான் பிரகாஷுக்குப் பிரச்சினை. "பெங்களூரு வந்துடும்மா" என்று இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறான். இப்போது வீட்டுக்கு வாடகைக்கு ஆள்கூடப் பார்த்துவிட்டான். பொங்கலுக்கு வந்து, கையோடு அழைத்துப் போவதாகத் திட்டம்.

"நீங்க சொன்னா கேப்பாங்க ஆன்ட்டி."

சரி, சொல்கிறேன் என்றேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன் — நான் பையன் கட்சி.

இந்த இடத்தில் போன அக்டோபருக்குப் போக வேண்டும். ஒரு நாள் தனம் போன் செய்தாள். டிவியில் ஸ்ரீநகர் துலிப் தோட்டத்தைக் காட்டினார்களாம். "ஏம்மா ரைட்டர், நம்ம வூட்ல போட்டா இது வருமா?"

சிரித்தேன். நன்றாக, வாய்விட்டு. புனேயிலா? துலிப்பா? ஏப்ரலில் பால்கனிக் கம்பியில் துணி காயப் போட்டால் கை சுடுகிற ஊரிலா?

சிரித்ததோடு விட்டேனா? எனக்குத்தான் ஏதாவது தெரிந்தால் வாய் நிற்காதே. அரை மணி நேரம் லெக்சர் அடித்தேன். துலிப் ஹாலந்துப் பூ என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்? இல்லவே இல்லை. மத்திய ஆசியாவின் மலைச் சரிவுகளில் காட்டுப்பூவாகக் கிடந்தது. துருக்கி சுல்தான்கள் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து கொண்டாடினார்கள். விருந்து நடக்கும்போது ஆமைகளின் முதுகில் மெழுகுவர்த்தி ஏற்றி, துலிப் பாத்திகளுக்கு நடுவே நடக்க விட்டார்களாம்! காஷ்மீரில் பழைய மண்கூரை வீடுகளின் தலைமேலேயே முளைத்து நிற்கும். ஹாலந்துக்கு அது பிழைக்கப் போன பூ. நாம் புனேக்கு வந்த மாதிரி.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற பைத்தியம்... கிட்டத்தட்ட நானூறு வருடத்துக்கு முன்பு ஹாலந்தில் மண்ணுக்குள் கிடக்கிற, இன்னும் பூக்காத கிழங்குக்குக் காகிதத்தில் விலை பேசினார்கள். வீடு வாங்குகிற விலை! திடீரென்று ஒரு பிப்ரவரியில் ஏலத்துக்கு ஆளே இல்லை. நாடே திவாலானது என்று கதை கட்டினார்கள். அதெல்லாம் ஊதிப் பெருக்கியது என்கிறார்கள் இப்போது ஆராய்கிறவர்கள். அன்றைக்கு எந்தப் பூவுக்கு மவுசு தெரியுமா? தீ பற்றினது போல் இதழில் கோடு விழுந்த பூவுக்கு. அந்தக் கோடு ஒரு வைரஸ் நோய் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

தனம் பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். எதுக்கு இங்க வராதுங்கிற?"

"குளிர் வேணும் தனம். கிழங்கு மூணு மாசம் குளிர்ல தூங்கினாத்தான் பூக்கும். பக்கத்துல பழம் இருக்கக் கூடாது. பழத்துலேர்ந்து ஒரு வாயு வரும், உள்ளே இருக்கிற குட்டி மொட்டு செத்துடும்."

"குளிருன்னா எவ்ளோ குளிரு? ஃப்ரிட்ஜு அளவுக்கா?"

"ம்... கிட்டத்தட்ட."

"அச்சா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நீங்கள் புத்திசாலிகள். உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். வாராவாரம் உங்களுக்குப் புத்தி சொல்கிற எனக்குப் புரியவில்லை. பிரகாஷ் ஆப்பிள் கதையைச் சொன்னபோதுகூட மண்டையில் மணி அடிக்கவில்லை!

பொங்கலன்று காலை, இப்போது நான் இருக்கும் விமான் நகரிலிருந்து ஆட்டோ, லோக்கல், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். தனம் முருகன் கோயிலுக்குப் போயிருந்தாள். பிரகாஷ் சமையலறையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றான்.

"வாங்க ஆன்ட்டி. இன்னிக்கு என் கையால சாம்பார். அம்மாவுக்கு சர்ப்ரைஸ். பாருங்க, ஃப்ரிட்ஜுல ஒரு டப்பாவுல சின்ன வெங்காயம் ஒளிச்சு வெச்சிருக்காங்க. ஊர்லேர்ந்து யாரோ கொண்டுவந்திருப்பாங்க போல."

புனேயில் சின்ன வெங்காயம் என்றால் தமிழ் வீடுகளில் அது ஒரு புதையல். நானும் உட்கார்ந்து உரித்தேன். சின்ன வெங்காயத்துக்குக் கொஞ்சம் பெரிசுதான். பிரவுன் தோல், உள்ளே வெள்ளை வெளேரென்று. உரிக்க உரிக்கக் கண் எரியவில்லை. "பரவாயில்லையே, நல்ல ஜாதி வெங்காயம்" என்று சர்ட்டிஃபிகேட் வேறு கொடுத்தேன்!

மொத்தம் பன்னிரண்டு. எல்லாவற்றையும் உரித்தாயிற்று. பிரகாஷ் மூன்றைக் குறுக்கே நறுக்கி எண்ணெயில் போட்டான். அப்போதுதான் தனம் உள்ளே வந்தாள், நெற்றியில் விபூதியோடு.

தட்டைப் பார்த்தாள். கடாயைப் பார்த்தாள். கேஸை அணைத்தாள்.

"இன்னாடா இது?"

"சாம்பார்மா... சின்ன வெங்காயம்..."

அவள் சிங்க்கில் கவிழ்ந்து கிடந்த டப்பா மூடியை எடுத்துத் திருப்பினாள். மேலே தமிழில் எழுதிய ஒரு கார்டு ஒட்டியிருந்தது. கிடங்கில் ஒவ்வொரு ராக்கிலும் இப்படி ஒரு கார்டு இருக்குமாம். என்ன சரக்கு, எத்தனை, யார் எடுக்கலாம். சில சரக்கை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதற்கு அங்கே 'நாட் ஃபார் இஷ்யூ' என்று எழுதுவார்கள்.

அந்தக் கார்டை ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து மகனுக்குப் படித்துக் காட்டினாள்.

"துலிப். பன்னெண்டு. வெங்காயம் இல்லை. நாட் ஃபார் இஷ்யூ."

"எனக்குத் தமிழ் படிக்க வராதேம்மா..."

தேஹு ரோடில் பிறந்து, ஹிந்தியும் மராத்தியும் படித்து வளர்ந்த பையன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நான்? தமிழில் எழுதுவதையே பிழைப்பாக வைத்திருக்கிறவள், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மூடியைத் திருப்பிப் பார்க்கவில்லை.

தனம் என்னைப் பார்த்தாள். "ரைட்டரம்மா... நீயுமா?"

கடாயில் கிடந்த ஒரு பாதியைக் கரண்டியால் எடுத்தாள். நடுவில் ஒரு பச்சைக் குருத்து. அதற்குள் கடுகளவு மொட்டு. ஆமாம், துலிப் கிழங்கை நாம் வாங்கும்போதே உள்ளே பூ உருவாகியிருக்கும். அக்டோபரிலேயே வரவழைத்து, மூன்று மாதம் ஆப்பிளை விரட்டி விரட்டி அவள் காப்பாற்றியது அதைத்தான். தனத்தின் கண் கலங்கியது. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இந்த மாதிரி நேரத்தில்தான் என் வாய் தானாகத் திறக்கும். "கவலைப்படாதே தனம், இது முன்னாடியே நடந்திருக்கு" என்றேன். ஒரு மாலுமி, கப்பலிலிருந்து இறங்கி வியாபாரியின் மேஜையில் இருந்த விலை உயர்ந்த துலிப் கிழங்கை வெங்காயம் என்று நினைத்து மீனோடு சேர்த்துத் தின்றுவிட்டானாம். ஜெயிலில் போட்டார்கள் என்று கதை. உண்மையா என்று கேட்காதீர்கள், விவரம் தெரிந்தவர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஹாலந்தில் ஜனங்கள் இந்தக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது நிஜம். அதுவும் விஷமுள்ள நடுக்குருத்தை எடுத்துப் போட்டுவிட்டு, பசி தாங்காமல். நாம் தின்றிருந்தால்? வாந்தி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் பொங்கல் வைத்திருப்போம்.

யாரும் சிரிக்கவில்லை.

பிரகாஷ் மெதுவாக ஆரம்பித்தான். "பாத்தீங்களா ஆன்ட்டி? ஃப்ரிட்ஜுல பூ வெக்கறாங்க. இதுக்குத்தான் சொல்றேன், தனியா இருந்தா இப்படித்தான். கிளம்பலாம்மா."

நானும் என் பங்குக்கு வாயைத் திறந்தேன். "அவன் சொல்றதும் சரிதானே தனம்? இந்த வயசுல தனியா..."

"உனக்கு எவ்ளோ வயசு?"

ஒரே வயது. அறுபத்தொன்று.

"நீ விமான் நகர்ல ஒண்டியாத்தானே கீற? உன்ன யாராவது டாக்டர்கிட்ட காட்டணும்னாங்களா? ரைட்டர் ஒண்டியா இருக்கலாம், ஸ்டோர்கீப்பர் இருக்கக் கூடாதா?"

பளார் என்று அறைந்த மாதிரி இருந்தது. என் தனிமைக்கு நான் சுதந்திரம் என்று பேர் வைத்திருக்கிறேன், இதே பக்கத்தில் எத்தனை வாரம் எழுதித் தள்ளியிருக்கிறேன். அவளுடையதற்கு மட்டும் ஏன் பிடிவாதம் என்று பேர் வைத்தேன்?

பிரகாஷ் சமாதானத்துக்கு வந்தான். "சரிம்மா. தோல் உரிச்சாச்சு, இனிமே முளைக்காது. ஆனா ஒரே ஒரு பூ வந்தாக்கூட நான் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். ப்ராமிஸ்."

நல்ல பந்தயமாகத்தான் எனக்குத் தோன்றியது. தனத்துக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"பந்தயமா? பூத்தா இங்க இருக்கலாம், பூக்கலன்னா மூட்டை கட்டணுமா? அரே, நான் என் வூட்ல இருக்கறதுக்கு பூ வந்து சாட்சி சொல்லணுமா? ஒண்ணுகூட பூக்கலன்னாலும் நான் வரமாட்டேன். பஸ், அவ்ளோதான்! லீவு போட்டுக்கினு வா, பத்து நாள் இரு, நானும் வந்து பத்து நாள் இருக்கறேன். ஆனா சாவி எங்கிட்டதான் இருக்கும்."

மிச்சமிருந்த ஒன்பதையும் எடுத்தாள். பொங்கலுக்கு வாங்கிய மஞ்சளில் கொஞ்சம் இடித்துப் புரட்டினாள். "தோல உரிச்சா செத்துப்பூடும்னு யார்டா சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே வடக்குப் பக்கத்து பால்கனித் தொட்டிகளில் நட்டாள். அதற்கப்புறம்தான் பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றினாள். இந்த வருடப் பொங்கல் சாம்பாரில் வெங்காயமே இல்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. மேல்தோல் வெறும் சட்டை மாதிரி. அடிப்பாகம் சேதமாகாமல் இருந்தால் கிழங்கு முளைக்கும்.

பிரகாஷ் தனியாகப் பெங்களூரு திரும்பினான். தனம் தினமும் மத்தியானம் தொட்டி மண்ணில் ஐஸ் கட்டி வைத்தாள். எதிர் ஃப்ளாட்டுக்காரர்கள் "மாவ்ஷி, ஹே காய்?" — இதென்ன சித்தி? — என்று மராத்தியில் கேட்டுச் சிரித்தார்களாம். சிரித்துவிட்டு, பத்து நாளில் தங்கள் ஃப்ரிட்ஜிலிருந்தும் ஐஸ் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்களாம்.

போன வாரம் போன் வந்தது. "வந்துட்டுப் போ. ஆப்பிள் வாங்கிக்கினு வா, இப்ப வெக்கலாம்."

போனேன். எட்டுத் தொட்டிகளில் இலை மட்டும். ஒன்பதாவதில் ஒரு பூ! படத்தில் பார்க்கிற நீளக் காம்பு கிடையாது. நம் வெயிலுக்கு நாலு விரல் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. இலைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, செக்கச்செவேல் என்று, யாரையோ முறைப்பது போல் இருந்தது. ரொம்ப அழகு என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்ரீநகர் தோட்டம் முழுவதையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாலும் நான் இதைத்தான் பார்ப்பேன்.

வீடியோ காலில் பிரகாஷ் போனுக்கு முகத்தை நெருக்கிப் பூவைப் பார்த்தான். அப்புறம், "கட் பண்ணி ஃப்ளவர் வாஸ்ல வெச்சுக்கோம்மா, வெயில் படாம இருக்கும்" என்றான்.

வாய் சும்மா இருக்குமா எனக்கு? துலிப்பை வெட்டித் தண்ணீரில் வைத்தாலும் வளர்வதை நிறுத்தாது, காம்பு நீண்டுகொண்டே போய் வெளிச்சம் இருக்கிற பக்கம் திரும்பிக்கொள்ளும் என்றேன்.

"எதுக்கு வெட்டணும்? அது எங்க முளைச்சுதோ அங்கியே இருக்கட்டும்" என்றாள் தனம்.

"அடுத்த வருஷமும் பூக்குமா ஆன்ட்டி?"

உண்மையைச் சொன்னேன். நம் ஊர்ச் சூட்டில் பூக்காது. ஒரு தடவைதான். அதோடு கிழங்கின் கதை முடிந்தது.

போனுக்குள் அவன் முகம் லேசாக மலர்ந்த மாதிரி இருந்தது. தனம் அதைக் கவனித்துவிட்டாள்.

"அதனாலதான் அக்டோபருக்கு இருபத்தினாலு கிழங்கு சொல்லி வெச்சிட்டேன்" என்றாள்.

கிளம்பும்போது புதுக் கார்டைக் காட்டினாள். தமிழ், ஹிந்தி, மராத்தி, இங்கிலீஷ் — நாலு பாஷையிலும் 'நாட் ஃபார் இஷ்யூ'. இனிமேல் பிரகாஷால் படிக்கத் தெரியாது என்று தப்பிக்க முடியாது.

அது இந்த முறை ஃப்ரிட்ஜில் இல்லை. வாசல் கதவில் தொங்குகிறது.