பங்களாவுக்குப் பின்னால் பன்னிரண்டு கட்டங்கள்

2004 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு பெங்களூருக்குப் போனேன். ஓசூர் ஆலையில் என்னோடு வேலை செய்பவனின் அக்கா செல்வி, ஜீவனஹள்ளிப் பக்கம் குடியிருக்கிறார். அவர்கள் தெரு ஒரு காலத்தில் காலி மனையாகத்தான் கிடந்தது, குடியிருப்பவர்கள் பின்னால் வந்து பிடித்தவர்கள் என்று ஒரு கட்டுமான நிறுவனம் வழக்குப் போட்டிருந்தது. திங்கட்கிழமை விசாரணை. பழைய வரைபடம் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

காலை 7.20க்குப் பேருந்து. அத்திபெலேயில் இருபது நிமிட நெரிசல். காக்ஸ் டவுனில் செல்வியக்காவை ஏற்றிக்கொண்டு, ஆட்டோவில் 35 ரூபாய் கொடுத்து வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கண்டோன்மென்ட் காலத்து நூலகத்தில் இறங்கியபோது மணி 10.15. பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்.

உள்ளே என்னதான் இல்லை! ஓலைச்சுவடிகள், உருதுக் கையெழுத்துப் பிரதிகள், தமிழ் ஞானப்பாட்டுப் புத்தகங்கள், பட்டாளத்துச் சமையல் குறிப்புகள். பந்தயக் குதிரைகளுக்கென்றே தோல் அட்டை போட்ட பதிவேடு. ஒவ்வொரு குதிரைக்கும் தாய், தகப்பன் பெயர் வரை இருந்தது. வந்த வேலையை மறந்து அரைமணி நேரம் புரட்டினேன். பிறகு பட்டியல் அட்டைகள் அடுக்கிய பெட்டிகளில் தெருப் பெயரைத் தேடினோம். மதியம் ஒரு மணி ஆகியும் ஒன்றும் சிக்கவில்லை.

வரைபட அறை ஊழியர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, தெருப் பேர்ல எங்க சிக்கும்? அந்தக் காலத்து மேப்பெல்லாம் பங்களா பேர்லதான் எழுதியிருக்கு. உங்காளுங்க யாவ பங்களேல கெலசம் செஞ்சாங்க? எந்த பங்களாவுல வேலை?" என்றார் கன்னடம் கலந்து.

"இத காலையிலயே சொல்றதுக்கு என்ன சார்?" என்றேன்.

செல்வியக்கா என்னை அடக்கினார். "நீ சும்மா இருப்பா. எங்க மாமனாரோட அப்பா கக்கூஸ் அள்ளுன பங்களா சார். வாசல்ல ரெண்டு கல் சிங்கம் இருக்கும்னு சொல்வாங்க."

"சிங்கமா? அப்படிக் கேளுங்க!" ஊழியர் எழுந்து உள்ளே போனார்.

பத்து நிமிடத்தில் வரைபடம் மேசைக்கு வந்தது. குதிரை லாயம், நாய்க்கொட்டில், ரோஜாத் தோட்டம் எல்லாவற்றுக்கும் அழகான எழுத்தில் பெயர். மதிலுக்குப் பின்னால் வரிசையாகப் பன்னிரண்டு கட்டங்கள். ஓரத்தில் 'வேலையாட்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரே சொல். கிணறும் இருந்தது.

"கெணத்துலேர்ந்து மூணாவது எங்க வீடு," என்று விரலை வைத்தார் அக்கா.

"கை இடபேடிம்மா, மேப்புமேல கை வெக்காதீங்க!"

"எங்க வீட்டுமேலதான சார் வெச்சேன்."

ஊழியர் சிரித்துவிட்டார். நகல் விண்ணப்பத்தில் 'ஆய்வாளர் பெயர்' என்ற இடத்தில் அக்கா தன் பெயரை எழுதினார். முத்திரையோடு நகல் 40 ரூபாய். மாலை நாலரைக்குக் கையில் கிடைத்தது. திங்களன்று நீதிமன்றம் அதைச் சான்றாக எடுத்துக்கொண்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. வீடுகளை இடிக்கத் தடை இருக்கிறது.

உங்கள் தெருவைத் தேடிப் போகிறவர்கள் பத்து மணிக்கே போய்விடுங்கள். தெருப் பெயரைச் சொல்லாதீர்கள். யாருடைய பங்களாவுக்குப் பின்னால் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். கோபம் வரும். வரட்டும், நகலை வாங்காமல் மட்டும் வெளியே வராதீர்கள்.