பதினாலு வாய் கரடி

எங்கள் எதிர் வீட்டு பாக்யராஜ் கார்ட்டூன் படங்களுக்கு நட்சத்திரம் போட்டு மதிப்பெண் தரமாட்டார். வாய்க் கணக்கில்தான் சொல்வார். "இது ஒம்போது வாய் படம்" என்றால், அந்தப் படம் முடிவதற்குள் ஒரு குழந்தைக்கு ஒன்பது வாய் சோறு ஊட்டிவிடலாம் என்று பொருள். அபிஷேகப்பாக்கத்தில் இந்தக் கணக்கு இப்போது செல்லுபடியாகிறது. அது எப்படி என்பதற்கு முன் பாக்யராஜ் யாரென்று சொல்லிவிட வேண்டும்.

வயது முப்பத்தாறு, எடை தொண்ணூறு கிலோ. வயல் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது தொழில். மோட்டார் புகைந்துபோனால் நெல் காய்ந்துவிடும் என்று ஓடி வருகிறவர்களிடம்கூட நான்கு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அவர் மனைவி ஆரோக்கியசெல்வி திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு மூடி தயாரிக்கும் கம்பெனியில் முதல் ஷிப்ட். விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும், அதற்காக ராத்திரி சீக்கிரமே படுத்துவிடுவாள். அதனால் இரண்டரை வயது மகளுக்குச் சோறு ஊட்டும் வேலை மூன்று வேளையும் பாக்யராஜ் தலையில். மகள் பெயர் அமுதம். சோற்றைப் பார்த்தால் ஜன்னல் கதவைச் சாத்துவதுபோல உதட்டைச் சாத்திக்கொள்வாள்.

அவள் வாயைத் திறக்க வைத்தது ஒரு கரடி.

பழைய கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் அது. ஏழு நிமிடம், பேச்சே கிடையாது. ஒரு தொப்பைக் கரடி முட்டைக்கோஸ் தோட்டம் போட்டிருக்கும். ஓர் ஆடு வந்து மேயும். கரடி அதைப் பிடிக்கக் குழி வெட்டும், தானே அதில் விழும். இதே கதையை எழுபது எண்பது வருஷத்துக்கு முன் யாரோ நூறு தரம் எடுத்து வைத்திருந்தார்கள். விழுவதற்கு முன் கரடி அந்தரத்தில் நிற்கும். நம்மைப் பார்த்து இரண்டு தரம் கண்ணைக் கொட்டும். அதற்குப் பிறகுதான் விழும். அந்த இரண்டு கொட்டலுக்குள் அமுதத்தின் வாய் தானாகத் திறந்துவிடும். பாக்யராஜ் சோற்றை வைத்துவிடுவார். ஒரு படத்துக்குப் பதினான்கு விழுகை, பதினான்கு வாய்.

போன மார்ச் மாதம் அந்தப் பழைய படங்கள் எல்லாம் யூடியூபிலிருந்து போய்விட்டன. அதே கரடியையும் ஆட்டையும் வைத்துப் புதுசாகக் குட்டிப் படங்கள் வர ஆரம்பித்தன. வெள்ளிக்கிழமைக்கு ஒன்று, மூன்றே நிமிடம், கண்ணைப் பறிக்கிற கலர். கரடி தமிழ் பேசியது. முதுகில் பை மாட்டியிருந்தது. அமுதம் இரண்டு படம் பார்த்தாள். உதடு சாத்தியது சாத்தியபடியே இருந்தது.

செல்வியின் ஷிப்டில் அவளைத் தவிர கைக்குழந்தைக்காரிகள் பதினோரு பேர். "ஏ ஷிப்ட் சாப்பாடு" என்று வாட்சாப்பில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். வேலைக்கு நடுவில் எந்தப் பிள்ளை சாப்பிட்டது, எது துப்பியது என்று தெரிந்துகொள்ள. அதில் செல்வி புருஷனையும் சேர்த்துவிட்டிருந்தாள். அவர் அதுவரை அதில் போட்டதெல்லாம் "சாப்டுச்சி", "சாப்டல". அந்த வெள்ளிக்கிழமை முதல்முறையாக மைக்கை அழுத்திப் பேசினார். எதிர் வீட்டில் மாடிப்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது.

"அம்மாங்களே, புது கரடி பார்த்தேன். மூணு வாய்க்கு மேல தேறாது. கரடி குழிகிட்ட வருது, நிக்கவே இல்ல, பொத்துனு வுழுந்துடுது. கண்ணக் கொட்டறதுக்குள்ள வுழுந்துட்டா கொழந்த எப்பமா வாயத் தொறக்கும்? வுழுந்துட்டு எழுந்து ஆட்டுகிட்ட மன்னிப்பு வேற கேக்குது. தோட்டம் அவனுது, முட்டைக்கோஸ் அவனுது. அவன் எதுக்கு மன்னிப்பு கேக்கணும்?"

நான்கு வார்த்தைக்காரர் நாற்பது வார்த்தை பேசிவிட்டார். அன்று மத்தியானம் கம்பெனி கேண்டீனில் பதினோரு பெண்களும் போனை நடுவில் வைத்துக் கேட்டார்களாம்.

பிறகு வெள்ளிதோறும் விமர்சனம் வந்தது. கரடியும் ஆடும் சேர்ந்து யோகா செய்த படத்துக்கு ஒரு வாய். "அந்த ஒரு வாயும் கொட்டாவி வுட்டப்ப வெச்சது" என்றார். ஆடு முட்டைக்கோஸைத் திருடாமல் பகிர்ந்து உண்பதைப் பற்றிப் பாட்டு பாடிய படத்துக்கு வாயே கிடையாது. "ஆடு திருடலன்னா கரடிக்கு அங்க இன்னா வேல?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இதில் ஒரு வழக்கும் வந்தது. குரூப்பில் இருந்த கஸ்தூரி என்பவர், பாக்யராஜ் ஆறு வாய் என்ற படத்தில் தன் மகன் பதினோரு வாய் சாப்பிட்டுவிட்டதாகவும், கணக்கு தப்பு என்றும் போட்டார். பாக்யராஜ் தன் கையைப் பார்த்தார். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை ஒற்றை ஆளாகத் தூக்குகிற கை. அவருடைய ஒரு வாய் கஸ்தூரிக்கு இரண்டு வாய். ஒரு நாள் முழுக்க யோசித்து, காய்ச்சல் மருந்து பாட்டிலின் மேல் கவிழ்த்திருக்கும் பிளாஸ்டிக் மூடியை அளவாக அறிவித்தார். பிள்ளை இருக்கிற வீட்டில் அது இல்லாமல் இருக்காது. பத்து எம்.எல். கோடு வரைக்கும் சோற்றை அமுக்கினால் ஒரு வாய். பதினோரு வீட்டிலும் மருந்து மூடியில் சோறு அளந்தார்கள். வழக்கு தீர்ந்தது.

பிரச்சினை அவர் வீட்டிலேயே இருந்தது.

ஜூன் மாதம் அங்கன்வாடியில் எடை போட்டபோது அமுதம் பத்து கிலோ நூறு கிராம். எடை அட்டையில் இருக்கிற பச்சைக் கோட்டுக்குக் கீழே புள்ளி விழுந்தது. அடுத்த மாதத்துக்குள் பத்தரையாவது வர வேண்டும் என்று விஜயகுமாரி டீச்சர் சொல்லியனுப்பினார். செல்வி அட்டையை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் சொல்லிவிட்டாள்.

"பத்தரை வரலன்னா நான் வேலைய வுட்டுடறேங்க. கொழந்தயப் பட்டினி போட்டுட்டு மூடி எண்ணினு இருக்க முடியாது."

அவளை அப்போதுதான் லைன் லீடர் ஆக்கியிருந்தார்கள். கழுத்தில் நீலப் பட்டையில் கம்பெனி அட்டை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது தெருமுனையிலேயே அவள் சிரிப்பு கேட்கும். அமுதம் பிறந்து இரண்டு வருஷம் அவள் வீட்டில் இருந்தபோது அந்தச் சிரிப்பு கேட்டதில்லை. பொழுது போகாமல் புருஷனின் ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் துணி உறை தைத்துப் போட்டிருந்தாள். பாக்யராஜ் அந்த உறைகளை இன்னும் கழற்றவில்லை. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பயமாக இருக்கும் என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அந்த வார வெள்ளிக்கிழமை கரடி ஹெலிகாப்டர் ஓட்டியது. பாக்யராஜ் ஒரு கையில் சோற்றுக் கிண்ணமும் மறு கையில் போனுமாக உட்கார்ந்து குரூப்புக்குப் பேசினார். ஹெலிகாப்டர் ஓட்டத் தெரிந்த கரடி எதற்குக் குழி வெட்டுகிறது, மேலேயிருந்து ஆட்டைப் பிடிக்க வேண்டியதுதானே என்று கேட்டார். கோபம் ஏற ஏற அவர் புருவம் இரண்டும் மேலே போயின. பேச்சை நிறுத்தி, எதிரில் கரடியே உட்கார்ந்திருப்பதுபோல முறைத்து, இரண்டு தரம் கண்ணைக் கொட்டினார். அது அவருக்கே தெரியாது.

அமுதத்துக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாய் திறந்திருந்தது.

அவர் சோற்றை வைத்தார். மறுபடி திட்டினார். மறுபடி திறந்தது. அந்த விமர்சனம் பதினொன்றரை நிமிடம் ஓடியது. கிண்ணம் காலி.

அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு மூன்று வேளையும் விமர்சனம்தான். காலை இட்லிக்குக் கரடியின் முதுகுப் பை, மத்தியானம் பருப்புச் சோற்றுக்கு அந்த யோகா, ராத்திரி இடியாப்பத்துக்குப் பாட்டு. அமுதம் போனைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள், அப்பாவையே பார்ப்பாள். கரடி வாரத்துக்கு ஒரு படம் தந்தது. அதில் இருபத்தோரு வேளைக்குக் கோபம் எடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் கன்னம் உப்ப ஆரம்பித்தது. செல்வி பஸ்ஸில் ஏறும்போது திரும்பிக் கையாட்டினாள்.

எடை போட நான்கு நாள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமைப் படம் வந்தது.

பாக்யராஜ் கிண்ணத்தோடு உட்கார்ந்தார். இந்தப் படம் மட்டும் பழையதுபோல ஏழு நிமிடம். கரடி பேசவில்லை. பையும் இல்லை. குழி வெட்டியது, ஆட்டைத் துரத்தியது, குழிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. நம்மைப் பார்த்து ஒரு தரம் கண்ணைக் கொட்டியது. இன்னொரு தரம் கொட்டியது. விழுந்தது. பாக்யராஜ் போனைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் மூக்கைச் சிந்தினார்.

அமுதம் அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கே கோபம் இல்லை. உதடு மூடிக்கொண்டது.

அவர் முந்தைய வாரங்களின் படங்களை மறுபடி திட்டிப் பார்த்தார். ஹெலிகாப்டர் மேல் இருந்த கோபம் ஆறிப்போயிருந்தது. நல்ல படத்தையே மோசம் என்று சொல்லிப் பார்த்தார், குரலை உயர்த்தி, புருவத்தைத் தூக்கி. அந்தப் பொய்க் கோபத்தை அமுதம் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தன் கால் விரலை எண்ணப் போய்விட்டாள். குரூப்பில் பதினோரு பேர் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். நல்லது என்று அங்கே சொல்லிவிட்டால், வீட்டில் திட்டவே வழியில்லை. மத்தியானம் வரைக்கும் யோசித்துவிட்டு மைக்கை அழுத்தினார்.

"பதினாலு வாய் படம்மா. யாரோ பழச ஒழுங்கா பாத்து வரைஞ்சிருக்கான். நல்லாருக்கட்டும்."

பதினோரு வீட்டிலும் பதினான்கு வாய் உள்ளே போனது. இரண்டாவது தட்டு கேட்ட பிள்ளைகூட இருந்ததாம். அவர் வீட்டில் மட்டும் நான்கு நாளாகப் பாலும் பிஸ்கட்டும்.

எடை போடுகிற அன்று செல்வி லீவு போட்டிருந்தாள். பழக்கத்தில் கழுத்து அட்டையை மாட்டிக்கொண்டே அங்கன்வாடிக்கு வந்துவிட்டாள். என் அக்கா மகனைத் தூக்கிக்கொண்டு நானும் வரிசையில் இருந்தேன். அமுதத்தை மிஷின் மேல் நிறுத்தினார்கள். எண்கள் தடுமாறி நின்றன. பத்து கிலோ நானூறு.

செல்வி கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி, நீலப் பட்டையை அதன்மேல் சுற்ற ஆரம்பித்தாள். அதைப் பார்க்க முடியாமல் பாக்யராஜ் சுவரைப் பார்த்தார்.

சுவரில் ஒரு கரடி இருந்தது. பெயின்ட் வாசனை போகாத புதுக் கரடி. அதே தொப்பை, அதே முட்டைக்கோஸ். ஆனால் டை கட்டி, கையில் புத்தகம் பிடித்து, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இது இன்னாது?" என்றார் மெதுவாக.

கரடி என்று யாரோ சொன்னார்கள்.

"கரடியா? கரடிக்கு எதுக்குமா டை? முட்டைக்கோஸ் தோட்டத்துல டை கட்டினு எவன் மம்மட்டி புடிப்பான்?" புருவம் ஏறியது. "இத்தினி பல்லு வெச்சிருக்குது, இது எங்க குழில வுழப் போவுது? பல்லு டாக்டர்கிட்டதான் போவும்."

நிறுத்தி முறைத்தார். கண்ணைக் கொட்டினார். செல்வியின் இடுப்பிலிருந்த அமுதத்தின் வாய் திறந்தது.

மேசை மேல் தட்டில் சத்துமாவு உருண்டை இருந்தது. செல்வி ஒன்றை எடுத்து மகள் வாயில் வைத்தாள். கரடிக்கு இருப்பது கால் இல்லை, மேசைக்கால் என்று அவர் சொன்னபோது இன்னொன்று உள்ளே போனது.

"அத நான்தாண்ணே வரைஞ்சேன்" என்றார் விஜயகுமாரி டீச்சர். எடை எழுதுகிற பென்சில் அவர் கையில்தான் இருந்தது. "மூணு ஞாயித்துக்கெழம வரைஞ்சேன்."

பாக்யராஜின் புருவம் இறங்கியது. அமுதத்தின் வாயும் பாதி மூடியது.

"நிறுத்தாதீங்க" என்றாள் செல்வி.

அவர் டீச்சரைப் பார்த்தார், பென்சிலைப் பார்த்தார், செல்வி கையில் சுற்றியிருந்த நீலப் பட்டையைப் பார்த்தார். பிறகு கரடி பக்கம் திரும்பிக்கொண்டார். "டீச்சர் தப்பா நெனச்சிக்காதீங்க. கண்ணு சரியில்ல. இந்தக் கண்ணுல பயமே இல்ல. வுழப்போறோம்னு தெரியாத மூஞ்சி இது, ஊர்த்தலைவருக்கு நிக்கறவன் மூஞ்சி." அவர் சொன்னதெல்லாம் மனசாரச் சொன்னது. மூன்றாவது உருண்டை போனது. நான்காவதும் போனது. வரிசையில் நின்ற இன்னும் இரண்டு பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். ஒன்று என் இடுப்பில் இருந்தது.

செல்வி தண்ணீர் கொடுத்து, மகளை மறுபடி மிஷின் மேல் நிறுத்தினாள். பத்து கிலோ ஐநூற்றுப் பத்து.

அதெல்லாம் வயிற்றில் இருக்கிற எடை என்று யாராவது சொல்லியிருக்கலாம். டீச்சர் எண்ணைப் பார்த்தார், கரடியைப் பார்த்தார். அட்டையில் புள்ளி வைத்தார். பச்சைக் கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்தது.

செல்வி நீலப் பட்டையைப் பிரித்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"அண்ணே" என்றார் டீச்சர். "பேசிட்டு அப்டியே போனா எப்டி? கண்ணு எப்டி இருக்கணும்னு சொல்லிட்டுப் போங்க."

பென்சிலை நீட்டினார். பாக்யராஜ் அதை ஸ்பேனர்போலப் பிடித்துக்கொண்டு சுவரருகே குனிந்தார். அவர் முகத்தில் துளி கோபம் இல்லை. அமுதம் எட்டிப் பார்த்துவிட்டு, ஐந்தாவது உருண்டையோடு காத்திருந்த அம்மாவின் கையைத் தள்ளிவிட்டு உதட்டைச் சாத்திக்கொண்டாள்.