வார் பிடித்த கை

பக்கிரியைக் கோபக்காரர் என்று சித்திரக்குளம் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள். வாய்தான் கொஞ்சம் நீளம். கடைசல் பட்டறை வைத்திருந்தார். அவர் உளி பிடிக்க, மனைவி தேசம்மா கட்டையில் சுற்றிய தோல்வாரை இழுப்பாள். இழுத்தால் கட்டை முன்னால் சுழலும், அப்போதுதான் உளி வெட்ட வேண்டும். விட்டால் பின்னால் சுழலும், உளி விலகிக்கொள்ள வேண்டும்.

1931இல் அறுபத்துமூவர் திருவிழாவுக்கு முன்னால், தவில்காரர் ரகுபதி ஒரு பலாக்கட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய பழைய தவில் விரிசல் விட்டுவிட்டது. புதியது வராவிட்டால் ஊர்வலத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அன்றைக்கென்று பக்கிரிக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"வித்தையெல்லாம் உளிலதான் கீது. வாரை யார் வேணா இழுக்கலாம்" என்றார்.

தேசம்மா வாரை அங்கேயே போட்டுவிட்டு, சாந்தோமில் மீன் விற்கும் தங்கையிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். நல்ல வேலை செய்தாள்!

பக்கிரி மூட்டை தூக்கும் மண்ணாங்கட்டியைக் கூப்பிட்டு வாரைக் கொடுத்தார். குடைசல் ஒரு சாண் ஆழம் போய்விட்டால் உளிமுனை கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தையும் கைக்கு வரும் அதிர்வையும் வைத்துத்தான் வேலை. மண்ணாங்கட்டி வெடுக்கென்று இழுத்தான். உளி மரத்தைக் கவ்வி, பிடி எகிறிப் பக்கிரியின் மோவாயில் அடித்தது. கட்டை பிளக்காமல் தப்பியது பெரும் புண்ணியம்.

வீங்கிய மோவாயோடு சாந்தோமுக்கு நடந்தார்.

"இன்னாய்யா, மோவாய்ல கொழுக்கட்டை?" என்றாள் தேசம்மா.

பக்கிரி மீன்காரிகள் எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னார்: "நீ இழுத்தாதான் என் உளி வெட்டுது. வா மே."

அவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். கூடை மீனை விற்று முடித்துவிட்டுத்தான் தேசம்மா எழுந்தாள்.

பட்டறைக்குத் திரும்பி, ஒரு பக்கம் பாதிவரை குடைந்து, கட்டையைத் திருப்பி மறுபக்கம் குடைந்தார்கள். நடுவில் மெல்லிய தடுப்பு மட்டும் மிச்சம். திடீரென்று தேசம்மா வாரைத் தளர்த்தினாள்.

"இன்னா நிறுத்திட்ட?"

"சத்தம் மாறிப்போச்சு. இனிமே மெதுவா."

அவள் மெல்ல மெல்ல இழுத்தாள். உளி உள்ளே போனது. மறுபக்கத்து வெளிச்சம் வந்தது. இரண்டு குடைசலும் மயிரிழை பிசகாமல் சேர்ந்திருந்தன. பக்கிரிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ரகுபதி வந்து உள்ளே கைவிட்டுத் தடவினார், முகம் மலர்ந்தது. பிறகு விளிம்பைப் பார்த்தார். கடைசல்காரர் அடையாளமாக அங்கே ஒரே ஒரு கோடு போடுவது வழக்கம்.

"இன்னா நைனா, ரெண்டு கோடு கீது?"

"பட்டறைல ரெண்டு பேர் கீறோம்பா."

தேசம்மா குனிந்து பார்த்தாள்.

"ரெண்டாவது கோடு லேசா கீதே. இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடு" என்று வாரைக் கையில் எடுத்தாள்.